மூன்று வாரத்தில் என்ன கற்கலாம்?



பயணமும் ஒரு பள்ளிக்கூடமே என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். உண்மைதான். ஆனால் பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதித்தவர் எல்லாரும் கற்றவராகிவிடுவதில்லை. கடைசிப் பெஞ்சில் அமர்ந்து, சன்னல் வழியே வேடிக்கை பார்த்துவிட்டு, மணி அடித்ததும் வீடு திரும்புகிறவரும் உண்டு. பயணத்திலும் அப்படித்தான். கண்ணைத் திறந்துகொண்டு போகிறவர் சிலர். பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறவர் பலர்.

இப்போது நம் கல்லூரிகளில் குறுகிய காலக் கல்விப் பயணம் என்னும் வழக்கம் பரவி வருகிறது. இரண்டு வாரம், மூன்று வாரம், மிஞ்சினால் ஆறு வாரம் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தங்கிப் பாடம் கேட்டுவிட்டு, ஒரு சான்றிதழுடன் திரும்பி வருவது. பிளஸ் டூ முடித்து விரைவில் கல்லூரிக்குள் நுழைய இருக்கும் உங்களையும் இந்த அழைப்பு ஒருநாள் தேடி வரும். அப்போது போவதா, வேண்டாமா? கடன் வாங்கியாவது போகலாமா? போனால் எப்படிப் போவது? இவ்வழியே பெல்ஜியம் நாட்டின் லூவன் நகருக்கு மூன்று வாரம் போய் வந்தவள் என்ற முறையில் என் கருத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் என் கருத்து இதுதான்: மூன்று வாரத்தில் ஒரு நாட்டை அறிய முடியாது, ஆனால் எப்படிப் பார்ப்பது, எப்படிக் கேட்பது என்பதை அறிய முடியும். அதற்கு ஆயத்தம் வேண்டும். அந்த வாய்ப்பும் பணம் உள்ளவருக்கு மட்டும் கிட்டுவதாக இருக்கக் கூடாது.

வழக்கம் வந்த வரலாறு

மாணவர் கடல் கடந்து போவது இன்று நேற்று வந்ததன்று. ஆனால் ஒரு கல்லூரியே தன் மாணவரைப் படிப்பின் ஒரு பகுதியாக வெளிநாட்டுக்கு அனுப்பி, அப்படிப்பைத் தன் பட்டத்துக்கே கணக்கில் சேர்த்துக்கொள்ளும் முறை ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்தான் வேரூன்றியது. முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டில் பணியாற்றித் திரும்பிய ரேமண்ட் கிர்க்பிரைடு என்னும் பேராசிரியர், 1923-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்திலிருந்து 8 மாணவரை ஓராண்டுப் படிப்புக்குப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். ஒருவரையொருவர் அறிந்த நாடுகள் எளிதில் போருக்குப் போகமாட்டா என்பது அக்காலத்தோர் பலருடைய நம்பிக்கை.

இரண்டே ஆண்டில் மகளிரும் இவ்வழியில் இறங்கினர். 1925-இல் ஸ்மித் மகளிர் கல்லூரி தன் மாணவியரைப் பாரிசுக்கு அனுப்பியது. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மனைவியான ஜாக்குலின், 1949-50 கல்வியாண்டில் பாரிசில் படித்தது இந்தக் கல்லூரியின் ஏற்பாட்டில்தான். 1987-இல் ஐரோப்பாவில் 11 நாடுகள் சேர்ந்து, அறிஞர் எராஸ்மஸ் பெயரில் மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. முதல் ஆண்டில் சென்றவர் 3,244 பேர். இன்று அது ஐரோப்பா முழுவதும் ஆல்போல் தழைத்து நிற்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் ஓராண்டாக இருந்தது பிறகு ஆறு மாதமாகச் சுருங்கியது. இன்று வாரக் கணக்காகிவிட்டது. வெளிநாட்டுப் படிப்புக்குச் செல்லும் அமெரிக்க மாணவருள் பாதிக்கு மேற்பட்டோர் கோடை விடுமுறையிலோ, எட்டு வாரத்துக்கு உட்பட்ட காலத்திலோ போய்த் திரும்பிவிடுகின்றனர். காலம் சுருங்கினால் செலவும் சுருங்கும்; போகிறவர் தொகை பெருகும். இது நன்மை. காலம் சுருங்கினால் கல்வி சுற்றுலாவாகிவிடும் அபாயமும் உண்டு. இது தீமை. இரண்டையும் எடை போட்டுப் பார்க்க வேண்டியது நம் கடமை.

"அங்கே எல்லாம் சுத்தம்!"

வெளிநாடு போய் வந்தவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "அங்கே எப்படி?" என்பது. வருகிற பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "அங்கே எல்லாம் சுத்தம், எல்லாரும் நேரம் தவறாதவர், நம் நாடு திருந்தவே திருந்தாது!" மூன்று வாரத்தில் வந்த ஞானம் இது.

லூவன் நகரத் தெருக்கள் சுத்தமானவையே. மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சுத்தம் வானத்திலிருந்து விழவில்லை. அங்கே வீட்டுக் குப்பையைப் போடுவதற்குரிய பையை நகராட்சி சொல்லும் விலைக்கு வாங்க வேண்டும். காகிதம் வேறு, கண்ணாடி வேறு, காய்கறிக் கழிவு வேறு என்று பிரித்துவைக்காவிட்டால் குப்பை வாசலிலேயே கிடக்கும். குப்பை குறைந்தால் காசு மிச்சம்; கூடினால் காசு செலவு. இத்தனை ஏற்பாட்டையும், அதற்கு மக்கள் கட்டும் வரியையும் பார்க்காமல், "அவர்கள் நல்லவர்கள், நாம் கெட்டவர்கள்" என்று சொல்லிவிடுவது கல்வி ஆகாது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்னும் பழமொழிக்கு இன்னோர் எடுத்துக்காட்டு ஆகும், அவ்வளவே.

அதுபோலவே, அங்குள்ளவற்றையெல்லாம் இகழ்ந்து பேசுவதும் அறியாமையே. சோறு கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்துக் கிடக்கின்றன, இரவு பத்து மணியாகியும் வெளிச்சம் போகாமல் தூக்கம் வரவில்லை என்று குறைபட்டுக்கொண்டே நாளை எண்ணியவரும் எங்கள் குழுவில் இருந்தனர். புகழ்வதும் இகழ்வதும் எளிது. ஏன், எதனால் என்று கேட்பதே அரிது. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகினால் மூன்று வாரமும் வீண் போகாது.

ஒரு நூலகம் கற்பித்த பாடம்

லூவன் நகரத்துப் பல்கலைக்கழகம் 1425-ஆம் ஆண்டில் தோன்றியது. 2025-இல் அதற்கு அறுநூறு வயது நிறைந்தது. அந்த நகரின் நடுவே, உயர்ந்த மணிக்கூண்டுடன் அதன் நூலகம் நிற்கிறது. வரலாற்று மாணவியாகிய எனக்கு மூன்று வாரத்திலும் பெரிய ஆசிரியராக விளங்கியது அந்தக் கட்டடமே.

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மானியப் படை லூவனுக்குள் புகுந்து பழைய நூலகத்துக்குத் தீ வைத்தது. ஏறக்குறைய 3 லட்சம் நூல்கள் சாம்பலாயின. விலை மதிப்பற்ற கையெழுத்துப் பிரதிகளும் அவற்றுள் அடக்கம். உலகமே பதறியது. போர் முடிந்தபின் ஏற்பட்ட வெர்சேல்ஸ் உடன்படிக்கையில், அந்த நூலகத்துக்கு ஜெர்மனி நூல்கள் தந்து ஈடு செய்ய வேண்டும் என்று ஒரு விதியே எழுதப்பட்டது. அமெரிக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் காசு திரட்டி அனுப்பின. அவற்றின் பெயர்களைக் கட்டடத்துக் கற்களில் இன்றும் காணலாம். 1928-இல் புதிய நூலகம் திறக்கப்பட்டது.

அப்போது ஒரு வழக்கு எழுந்தது. கட்டடத்தை வடிவமைத்த அமெரிக்கரான விட்னி வாரன், ஜெர்மானியரின் வெறியால் அழிந்தது என்று முகப்பில் லத்தீன் மொழியில் பொறிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பல்கலைக்கழகத் தலைவராக இருந்த லாதூஸ் ஆண்டகை அதற்கு இசையவில்லை. அறிவின் கோயிலில் பகையைக் கல்லில் செதுக்கி வைக்கலாமா என்பது மறுத்தோரின் எண்ணம். ஊரே இரண்டு பட்டது. வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. முடிவில் அந்த வாசகம் பொறிக்கப்படவில்லை. 1940-ஆம் ஆண்டு மே மாதம், இரண்டாம் உலகப் போரில் அதே நூலகம் மீண்டும் எரிந்தது. இம்முறை அழிந்தவை ஏறக்குறைய 9 லட்சம் நூல்கள். மீண்டும் கட்டினார்கள்.

எங்கள் வகுப்பில் ஜெர்மனியிலிருந்து வந்த மாணவியர் இருவர் இருந்தனர். இந்த வரலாற்றைப் பேராசிரியர் சொன்னபோது அவர்கள் தலை குனியவும் இல்லை. எங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தட்டிக் கழிக்கவும் இல்லை. தங்கள் பள்ளியில் இதைப் படித்திருப்பதாக அமைதியாகச் சொன்னார்கள். அன்று மாலை அதே நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில், பெல்ஜிய மாணவருக்கு அருகிலேயே அமர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் அவர்களிடம் ஒரு நூலகத்தின் கதையைச் சொன்னேன். 1981-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதை அது. 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் ஒரே இரவில் அழிந்தன. அந்தத் தீயைத் தொலைவிலிருந்து கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிர் நீத்தார் என்று யாழ்ப்பாணத்தார் இன்றும் நினைவுகூர்கின்றனர். 2003-இல் அந்நூலகம் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கிருந்த ஒருவருக்கும் இச்செய்தி தெரியாது. "அதை எரித்ததற்கு ஈடு கேட்டு உடன்படிக்கை எதுவும் எழுதப்படவில்லையா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்விக்கு முன் நெடுநேரம் பேச்சற்றிருந்தோம்.

இதைத்தான் கல்வி என்கிறேன். அவர்கள் கதை நமக்கும் நம் கதை அவர்களுக்கும் புத்தகம் வழியாகவே தெரிந்திருக்கலாம். ஆனால் ஒரே மேசையில் இரண்டு கதைகளும் அக்கம்பக்கமாக வைக்கப்பட்டபோதுதான் அவற்றின் கனம் புரிந்தது. கொடுக்க நம்மிடம் ஒரு கதையும் இல்லாமல் போயிருந்தால், கேட்டுக்கொண்டு மட்டும் வந்திருப்போம். ஆகவே வெளிநாடு போகும் முன் தன் நாட்டையும் தன் மொழியையும் ஓரளவேனும் அறிந்து போவது இன்றியமையாதது.

மொழி என்னும் வாசல்

லூவன் மக்கள் பேசுவது டச்சு மொழி. எங்களுக்கு வகுப்புகள் நடந்தது ஆங்கிலத்தில். கடையிலும் இரயிலிலும் ஆங்கிலம் பேசினால் பெரும்பாலும் விடை கிடைக்கும். ஆனால் நான்கு டச்சுச் சொற்களைத் தட்டுத் தடுமாறிச் சொன்னால் அந்த முகங்கள் மலர்வதே தனி. மொழிப்பற்று அங்கே நம்முடையதற்குச் சற்றும் குறைந்ததன்று. 1968-ஆம் ஆண்டில் டச்சு மொழி பேசுவோர், பிரெஞ்சு மொழிப் பிரிவு தம் நகரை விட்டு வெளியேற வேண்டும் என்று கிளர்ந்தெழுந்தனர். நாட்டின் அரசாங்கமே கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டானது, பிரெஞ்சுப் பிரிவுக்கென்று புது நகரமே எழுப்பப்பட்டது. நூலகத்து நூல்களில் பெரும் பகுதியையும் ஒற்றைப்படை எண் இவர்களுக்கு, இரட்டைப்படை எண் அவர்களுக்கு என்று பங்கு போட்டார்கள்! 1965-ஆம் ஆண்டின் மொழிப் போராட்டத்தை அறிந்த தமிழருக்கு அந்த உணர்ச்சி எளிதில் விளங்கும். ஆனால் தொகுதி தொகுதியான நூல்கள் பிரிக்கப்பட்டதை நினைத்தால், பற்று எங்கே முடிகிறது, பிடிவாதம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியும் எழாமல் இராது.

மொழியைக் கற்பது எவ்வளவு நீண்ட பணி என்பதற்கு அந்நகரமே நமக்கு ஒரு சான்று தந்திருக்கிறது. அங்கே பொறியியல் படித்த காமில் புல்கே என்னும் இளைஞர், சேசு சபைக் குருமாணவராக 1935-இல் இந்தியாவுக்கு வந்தார். இந்தி மொழியைக் கற்று, இராமகதையின் வளர்ச்சியை ஆராய்ந்து, அந்த ஆய்வேட்டை இந்தியிலேயே எழுதி அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அவர் ஆக்கிய ஆங்கில-இந்தி அகராதி இன்றும் வடநாட்டு மாணவர் கைகளில் இருக்கிறது. 1982-இல் மறையும்வரை இந்நாட்டவராகவே வாழ்ந்தார். மூன்று வாரம் போய் வந்துவிட்டு "ஐரோப்பாவை அறிந்தேன்" என்று சொல்ல நினைக்கும்போதெல்லாம், நாற்பத்தேழு ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்து கற்ற அந்த மனிதரை நினைத்துக்கொள்வது நாவை அடக்க நல்ல மருந்து.

பெண்பிள்ளை தனியாகப் போகலாமா?

இக்கேள்வி எழாத வீடு நம்மில் குறைவு. "மூன்று வாரத்தில் என்னடி படித்துவிடப் போகிறாய்? அதற்குக் கடல் தாண்டிப் போகணுமா?" என்று என் அப்பாயி கேட்டார்கள். அக்கறையால் எழும் கேள்வி அது, அதைப் பழிக்கலாகாது. ஆனால் அதே வீட்டில் அண்ணனுக்கு அக்கேள்வி எழுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

லூவனில் பெரிய பெகினகம் என்று ஒரு குடியிருப்பு உண்டு. செங்கல் வீடுகளும் கல் பாவிய சந்துகளும் நடுவே ஒரு கோயிலுமாக, ஒரு சிற்றூர் போலவே இருக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் அங்கே பெகின்கள் என்னும் பெண்கள் கூடி வாழ்ந்தார்கள். அவர்கள் துறவறம் பூண்ட கன்னியர் அல்லர். வாழ்நாள் வார்த்தைப்பாடு கொடுத்தவரும் அல்லர். சொத்து வைத்துக்கொள்ளலாம், விரும்பினால் வெளியேறி மணம் புரியலாம். கம்பளி வேலை, கைவேலை, பிள்ளைகளுக்குக் கற்பித்தல், நோயாளிகளைப் பேணுதல் என்று உழைத்து, செபித்து, தம் காலில் தாம் நின்றார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்! 1962-இல் பல்கலைக்கழகம் அக்குடியிருப்பை வாங்கிப் பழுது பார்த்து, மாணவரும் வெளிநாட்டு ஆசிரியரும் தங்கும் இடமாக ஆக்கியது. 1998-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் செல்வமாக ஏற்றது.

ஆனால் அதே ஊரில், பல்கலைக்கழகத்தின் கதவு பெண்களுக்குத் திறந்தது 1920-இல்தான். 1425-இல் தோன்றிய கழகத்தில் பெண்கள் நுழைய 495 ஆண்டுகள் ஆயின. ஆகவே, "அங்கே பெண்ணுக்கு எல்லாம் உண்டு, இங்கே ஒன்றுமில்லை" என்பதும் பிழை. "பெண் தனித்து நிற்பது புதுமோகம்" என்பதும் பிழை. எல்லா நாட்டிலும் பெண் தன் இடத்தைக் கேட்டுத்தான் பெற்றிருக்கிறாள். பாதுகாப்பான விடுதியும், பொறுப்புள்ள பேராசிரியையும், ஒழுங்கான ஏற்பாடும் இருக்குமானால், தகுதியுள்ள பெண்ணை அனுப்பத் தயங்க வேண்டியதில்லை.

பணம் என்னும் சுவர்

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். விமானக் கட்டணம், விசா, கட்டாயக் காப்பீடு, அறை வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்ந்து எனக்கு ஆன செலவு இரண்டு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய். பாதியைக் கல்லூரி ஏற்றது. மீதிக்கு அம்மா சீட்டு எடுத்தார்கள். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினார்கள். எங்கள் வகுப்பில் 52 பேர். போனவர் 6 பேர். வகுப்பில் முதல் மதிப்பெண் பெறுகிற தோழி பெயரே கொடுக்கவில்லை. அவள் அம்மா தையல் இயந்திரத்தை மிதித்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள்.

திரும்பி வந்ததும் வகுப்பில் நாங்கள் கண்டதைப் பேசினோம். எரிந்த நூலகத்தைப் பற்றிச் சொன்னபோது அந்தத் தோழி எழுந்து, "தீ வைத்த சிப்பாய்களில் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்களே, அவர்கள் அந்தப் புத்தகங்களை ஒரு முறையாவது திறந்து பார்த்திருப்பார்களா?" என்று கேட்டாள். அந்தக் கூடத்தில் மூன்று வாரம் உலவி வந்த எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் அக்கேள்வி தோன்றியதில்லை. அப்படியானால் அந்த விமானத்தில் இருக்கை யாருக்குரியது? நீங்களே சொல்லுங்கள்.

பணத்தால் தேர்வு செய்யப்படும் கல்விப் பயணம், கல்வியின் பெயரால் நடக்கும் அநீதியே. இதற்கு நான்கு யோசனைகள் கூற விரும்புகிறேன்.

முதலாவது, ஆறு பேருக்குப் பாதிச் செலவு கொடுப்பதைவிட, மூன்று பேருக்கு முழுச் செலவையும் கொடுத்து, தகுதியைத் தேர்வு வைத்துக் காண்பதே முறை.

இரண்டாவது, போகிறவருக்குப் புறப்படும் முன் இரண்டு மாதமாவது அந்நாட்டின் வரலாறும், அம்மொழியின் நூறு சொற்களும் கற்பிக்க வேண்டும். வெறும் பெட்டி கட்டுவது ஆயத்தம் ஆகாது.

மூன்றாவது, திரும்பி வந்தவர் தாம் கற்றதைத் தம் கல்லூரியிலும், தாம் படித்த பள்ளியிலும், கிராமத்துப் பள்ளி ஒன்றிலும் எடுத்துச் சொல்வதைக் கட்டாயமாக்க வேண்டும். ஊரார் பங்களிப்பில் பெற்ற கல்வி ஊருக்கே திரும்ப வேண்டும்.

நான்காவது, அயல்நாடு என்றால் கடல் தாண்டியே ஆக வேண்டுமா? சாந்திநிகேதனில் மூன்று வாரம், ஷில்லாங் நகரக் கல்லூரி ஒன்றில் மூன்று வாரம் என்று நம் கல்லூரிகள் தமக்குள் மாணவியரைப் பரிமாறிக்கொள்ளலாமே! வேறு மொழி, வேறு உணவு, வேறு வழக்கம் எல்லாம் அங்கும் உண்டு. இரயில் கட்டணத்தில் 52 பேரும் போய் வரலாம்.

தங்கையரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுச் சான்றிதழ் என்று விளம்பரம் செய்யும் தரகர்கள் இன்று ஊர்தோறும் உளர். பணம் கட்டும் முன் கேளுங்கள்: பாடம் நடத்துபவர் யார்? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வகுப்பு? தேர்வு உண்டா? நம் பல்கலைக்கழகம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுமா? இவற்றுக்கு நேரான பதில் வராவிட்டால் அது கல்வி அன்று, வியாபாரம். அதற்காக அம்மாவின் வளையலை அடகு வைக்காதீர்கள். அது இல்லாமலும் நல்ல எதிர்காலம் உண்டு.

நேர்மையான வாய்ப்பு வந்தால் அஞ்சாமல் செல்லுங்கள். பார்த்ததையெல்லாம் படம் எடுப்பதைவிட, நாள்தோறும் இரவில் ஒரு பக்கமாவது எழுதுங்கள். ஏன் என்று கேளுங்கள். நம்மைப் பற்றி அவர்கள் கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள்; கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வாய்ப்பு வராவிட்டால் மனம் சோராதீர்கள். நம் பள்ளி நூலகத்தில் எரியாமல், பிரியாமல், அலமாரி நிறைய நூல்கள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. அவற்றைத் திறந்து நல்ல கேள்வி ஒன்றைக் கேட்கத் தெரிந்தவள், கடல் கடக்காமலே உலகம் கண்டவள் ஆவாள்.

— முன்னாள் மாணவி,
இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு